பழைய நோட்டில் இருந்த அளவு

நான் ஒரு தையல்காரன். ஐந்தாவது வரை படித்தவன். ஐந்தாவதை முழுதாகப் படித்தேன் என்று எழுதினால் மேலே இருக்கிறவன் சிரிப்பான். அரையாண்டுப் பரீட்சையோடு நின்றுவிட்டேன். என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. இந்த இரண்டு செய்தியையும் ஒன்றாகக் கேட்பவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் அவளைப் பார்ப்பார்கள், அப்புறம் "அப்படியா" என்பார்கள். அந்த ஒரு "அப்படியா"வில் எத்தனை மடிப்பு இருக்கிறது என்பது துணியோடு பழகியவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருவில் எனக்கு 'எச்செம் வீட்டுக்காரர்', அதாவது ஹெச்.எம். புருஷன், என்று பெயர். நிறுத்தி நிதானமாகச் சொன்னால் கௌரவமான பெயர்தான். தெருவில் யார் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள்? "எச்சம் வீட்டுக்காரர் இருக்காரா?" என்றுதான் காதில் விழும். ஒருமுறை புதிதாகத் துணி கொடுக்க வந்தவர், கடைக்கு மேலே ஏதாவது கூடு கீடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

கல்யாணம் ஆனபோது அவள் பள்ளிப்படிப்பை மட்டும் முடித்திருந்தாள். மேலே படிக்க ஆசை. என் கடையில் துணி வெட்டுகிற மேசை ஒன்று உண்டு. ஆள் படுத்து உருளலாம், அவ்வளவு நீளம். அதன் ஒரு தலைப்பில் நான் வெட்டுவேன், மறு தலைப்பில் அவள் படிப்பாள். படித்ததை எனக்குச் சத்தமாகச் சொல்லிக் காட்டுவாள். நான் "சரி, சரி" என்பேன். சரியா தப்பா என்று எனக்கு என்ன தெரியும்? அவள் குரலில் இருக்கிற தைரியத்தைப் பார்த்து மார்க் போட்டேன். அப்படியே அவள் டீச்சரானாள். அன்றிலிருந்து வீட்டிலும் அவளை நான் டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். பதினெட்டு வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தாள். போன வருஷம் எட்டாம் வகுப்பு வரை இருக்கிற ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போட்டார்கள்.

அங்கேதான் வந்தது வினை. நாற்பது பிள்ளைகளை ஒரு கண்ணசைவில் உட்கார வைக்கிறவளுக்கு ஒன்பது ஆசிரியர்களை உட்கார வைக்கத் தெரியவில்லை. அதிலும் ஒருவர் இருந்தார், அறிவியல் சார். இருபத்தாறு வருஷ சர்வீஸ். தலைமையாசிரியர் நாற்காலி தனக்குத்தான் என்று அவரும் நினைத்திருந்தார், மற்ற எட்டுப் பேரும் நினைத்திருந்தார்கள். பிள்ளைகள் அவரைக் 'காந்தம் சார்' என்பார்கள். எந்த வகுப்பானாலும் முதல் நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு குதிரைலாடக் காந்தத்தை எடுத்து, குண்டூசிகளைத் தொங்கவிட்டுக் காட்டுவார். எனக்கும் ஒரு பழைய காந்தம் கொடுத்திருக்கிறார். தரையில் கொட்டிய ஊசியைப் பொறுக்க இன்றைக்கும் அதுதான். என்னிடம் நல்ல மனிதர். என் வீட்டுக்காரியிடம் மட்டும் இரும்பு.

தலைமையாசிரியர்களுக்கு மாதம் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். ஒல்லியாக ஒரு அம்மா வந்து பயிற்சி கொடுப்பார். மாதம் ஒரு தடவை பள்ளிக்கே வந்து டீச்சரோடு உட்கார்ந்து பேசிவிட்டும் போவார். அந்த அம்மா சொன்னது இது: தலைமையாசிரியரின் வேலை சாவிக்கொத்தும் வருகைப் பதிவேடும் மட்டும் இல்லை. ஒவ்வொரு ஆசிரியர் வகுப்பிலும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். பார்த்ததை ஒரு படிவத்தில் எழுத வேண்டும். பிறகு அந்த ஆசிரியரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து அதைப் பேச வேண்டும். கோள் சொல்ல இல்லை, கை கொடுக்க.

படிவத்தில் மூன்று கட்டம். 'கண்டது', 'நன்று', 'ஒரு கேள்வி'. பெயர் எழுதக் கூடாது. மேலே 'ஆசிரியர்' என்று மட்டும் இருக்கும். தாள் எங்காவது விழுந்து கிடந்தாலும் யாருடைய மானமும் கப்பலேறக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு. அதில் நான் விழுவேன் என்று பாவம் அந்த அம்மா எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"கோபமா இருந்தார்னு எழுதக் கூடாதாங்க," என்று டீச்சர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "புருவம் சுருங்கிச்சுன்னுதான் எழுதணுமாம். கண்ணு பார்த்தது, காது கேட்டது, அவ்வளவுதான்."

"அப்ப என்னைப் பத்தி எழுதினா?"

"புருவமே இல்லைன்னு எழுதுவேன்."

அது உண்மை. இஸ்திரிப் பெட்டி ஆவியிலேயே முப்பது வருஷம் நின்றதில் எனக்குப் புருவம் வலது பக்கம் பாதிதான் மிச்சம்.

காந்தம் சார் ஆறு மாதம் பிடிகொடுக்கவில்லை. "இன்னைக்குத் தேர்வு மேடம்", "இன்னைக்குத் தொண்டை சரியில்லை மேடம்." அவர் கதவைத் திறக்காததால் மற்ற எட்டுக் கதவும் சாத்தியே கிடந்தன. டீச்சர் தேய்ந்துபோனாள். ஒருநாள் சாயங்காலம் ஒரு வெள்ளைத்தாளில் ஏதோ எழுதிக் கொண்டுவந்து என் மிஷின் டிராயரில் வைத்தாள்.

"என்ன டீச்சர் இது?"

"எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம், என்னைத் திரும்ப மூணாம் வகுப்புக்கே விட்டுடுங்கன்னு எழுதியிருக்கேன். இந்த மாசக் கடைசிக்குள்ள அவர் என்கூட உக்காந்து ஒரு வார்த்தை பேசலைன்னா, இதைக் கொண்டுபோய்க் குடுத்துடுவேன்."

"ஏன் என் டிராயர்ல வைக்கிற?"

"என் கைப்பையில இருந்தா நாளைக்கே குடுத்துடுவேன்."

படித்தவர்கள் பிரச்சினைக்கு ஐந்தாவது என்ன சொல்லும்? அன்றிலிருந்து தினம் கத்தரிக்கோலை எடுக்கும் முன்னால் சொல்கிற வேண்டுதலில் ஒரு வரி கூடியது. ஆண்டவனே, துணி வீணாகாமல் பார்த்துக்கொள், அந்தத் தாளும் வீணாகப் போகட்டும்.

வேண்டுதல் பலித்ததோ என்னவோ, ஒரு வெள்ளிக்கிழமை காந்தம் சார், "வாங்க மேடம், பாருங்க, எழுதுங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் நாற்பது நிமிஷம் பாடம் நடத்தினார். அவள் பேனா நான்கு வரிதான் நடந்தது. பயம். அந்தப் பயிற்சி அம்மாவுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொல்ல, "முதல்ல பயமில்லாத ஆள் யாரையாவது பார்த்து எழுதிப் பழகுங்க" என்று யோசனை சொன்னாராம். இந்த உலகத்தில் அவளுக்குப் பயமே இல்லாத ஒரே ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் அட்டை, அட்டையில் படிவம்.

"நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்கோங்க."

இருபத்துமூன்று வருஷமாக அவள் இல்லை என்று நினைக்க எனக்கு ஒரு நிமிஷமாவது முடிந்திருக்கிறதா? வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். சினிமாவில் வருகிற தையல்காரனைப் போலக் கத்தரிக்கோலை விரலில் சுற்றினேன். அது கீழே விழுந்தது. அன்றைக்கு மேசையில் இருந்தது காந்தம் சாருடைய பேன்ட் துணிதான். சாம்பல் நிறம், நல்ல கனம். அளவு எடுக்க வரச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேண்டாம், அவர் அளவுதான் என் நோட்டில் இருக்கிறதே, நான்கு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. பார்வையாளர் முன்னால் வித்தையைக் காட்ட வேண்டாமா? நோட்டைப் புரட்டினேன், சாக்பீஸால் கோடு போட்டேன், வெட்டினேன். நடுவில் பக்கத்துக் கடைக்காரர் வந்து முட்டிவலியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். கொஞ்சம் என்பது என் கணக்கு.

முடிந்ததும், "படிச்சுக் காட்டு" என்றேன்.

"ஊஹூம். இது உக்காந்து பேச வேண்டியது. அப்புறமா." படிவத்தை மேசையில் வைத்து மேலே ஊசி டப்பாவை வைத்தாள். பிறகு காந்தம் சாருடைய படிவத்தைக் கையில் எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூடினாள். எனக்கு எழுத வந்த கை அவருக்கு எழுத வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பேன்டை வாங்க அவர் சாயங்காலம் வருவதாக இருந்தது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது டீச்சர் கடை வாசலிலேயே நின்றாள்.

"ரெண்டு தடவை அவர் ரூம் வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேங்க. காலு போகமாட்டேங்குது. இன்னைக்கு எப்படியாவது குடுத்துப் பேசிடணும்."

இங்கே நான் வீரனானேன். "இதுக்கா இவ்வளவு கவலை? பேன்டோட வச்சு நான் குடுத்துடுறேன். படிச்சுட்டு அவரே வந்து பேசுவார்."

"நேர்ல குடுக்கணும்னு சொல்லியிருக்காங்களே..."

"அந்த அம்மாவுக்கு இவரைத் தெரியாதுல்ல?"

அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு, "மேசை மேல இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, பாரம் இறங்கியவள் மாதிரி நடந்துபோனாள். பாரம் என் தலையில் ஏறியது எனக்குத் தெரியவில்லை. என் தலையில்தான் ஏற்கெனவே மூக்குக்கண்ணாடி இருந்ததே. அதுவே எனக்குத் தெரிவதில்லை.

சாயங்காலம் அவர் வருகிற சத்தம் கேட்டதும் மேசையைப் பார்த்தேன். இரண்டு தாள். இரண்டிலும் மேலே 'ஆசிரியர்'. ஒன்றில் நான்கு வரி. இன்னொன்றில் ஓரம் வரை எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. படித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது பாவம் என்பது என் கொள்கை. கண்ணாடியும் அகப்படவில்லை. என் கொள்கைகளில் பாதி இப்படித்தான், கண்ணாடி அகப்படாத நேரத்தில் உறுதியாக இருக்கும். ஆகவே யோசித்தேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ் உள்ள மனிதருக்கு நிறைய எழுதியிருப்பாள். எனக்கு நான்கு வரியே அதிகம். நிறைந்த தாளை மடித்துப் பேன்ட் பையிலேயே வைத்து, "மேடம் குடுக்கச் சொன்னாங்க சார்" என்று பொட்டலத்தைக் கொடுத்தேன்.

"ஓ, எழுதிட்டாங்களா," என்றார். முகம் இறுகியது. புருவம் சுருங்கிச்சு என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை, கடை திறந்து விளக்கேற்றி வேண்டிக்கொண்டு, எனக்கு டீச்சர் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கலாமே என மிச்சத் தாளை எடுத்தேன். அது என்னைப் பற்றியது, ஆகவே பாவம் இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பாடம் சிறப்பாக நடந்தது. எல்லாம் நன்று. ஐயாவின் அனுபவம் பள்ளிக்கே சொத்து. கேள்வி எதுவும் இல்லை.'

பொய் சொல்லக் கூடாது. ஒரு முழு நிமிஷம் நான் பூரித்துப்போய் நின்றேன். என் தையலைப் பாடம் என்று எழுதியிருக்கிறாளே! என்னை ஐயா என்று எழுதியிருக்கிறாளே! கண்ணில் நீர்கூட வந்தது. அனுபவம் பள்ளிக்கே சொத்து என்ற இடத்தில்தான், எந்தப் பள்ளிக்கு, என்று ஒரு சின்ன சந்தேகம் எழுந்தது. அதற்குப் பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

என்னைப் பற்றிய தாள் அவரிடம் போயிருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. என்ன இருந்தாலும் அது பயமே இல்லாமல் எழுதியது. ஒன்று மட்டும் தெரிந்தது: அந்த மனிதர் கொதித்தெழுந்தால், டிராயரில் இருக்கிற வெள்ளைத்தாள் மாதக் கடைசி வரை காத்திருக்காது. அன்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்தேன்.

சாயங்காலம் டீச்சர் வந்தாள். திட்டு வாங்க நான் தலையைக் குனிந்து வைத்திருந்தேன். பார்த்தால் அவள் முகம் மலர்ந்திருக்கிறது!

"என்னங்க, அவரே வந்தாருங்க! என் ரூமுக்கு! உக்காந்தாரு!"

"என்ன சொன்னார்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"படிச்சேன் மேடம்னாரு. அப்புறம், இருபத்தாறு வருஷத்துல என் வகுப்பை இப்படி ஒருத்தரும் பார்த்ததில்லைன்னாரு. ஒரு வாரம் டயம் குடுங்க, அப்புறம் நீங்க எப்ப வேணா வாங்க, கதவு திறந்தே இருக்கும்னாரு. நாலு நல்ல வார்த்தை எழுதினதுக்கே இப்படியாங்க! மனுஷன் எவ்வளவு ஏங்கிப்போயிருந்திருக்கார் பாருங்களேன்."

என் டிராயரைத் திறந்தாள். எனக்கு உயிர் போய் வந்தது, ஏனென்றால் அந்த நான்கு வரித் தாளையும் அதில்தான் அடியில் ஒளித்திருந்தேன். அவள் மேலே இருந்த தன் கடிதத்தை மட்டும் எடுத்து, நான்காகக் கிழித்து, "இந்தாங்க, காலர் வெட்டப் பேப்பர் அச்சா வச்சுக்கோங்க" என்று மேசையில் போட்டாள்.

"ஆமா, உங்க படிவம் எங்க? ரெண்டு பேரும் உக்காந்து பேசணுமே."

"அது... பத்திரமா இருக்கு டீச்சர்."

அது பொய் இல்லை. காந்தம் சாரிடம் பத்திரமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் வாயைத் தைத்துக்கொண்டேன்; என் தொழிலே அதுதானே. காலையில் வேண்டிக்கொள்ளும்போது ஆண்டவனிடம் வழக்காடினேன். நான் பொய் சொல்லவில்லையே அப்பா, சும்மாதானே இருக்கிறேன். அவளும் சந்தோஷம், அவரும் சந்தோஷம், நடுவில் நீ ஏன் என்னைத் தூங்கவிடாமல் படுத்துகிறாய்? பதில் தெரிந்தவனிடம் யாராவது பதில் சொல்வார்களா?

சனிக்கிழமை பத்து மணிக்குக் காந்தம் சார் கடைக்கு வந்தார். கையில் அந்தச் சாம்பல் பேன்ட்.

"டெய்லரே, கொக்கியும் வளையமும் பக்கத்துப் பக்கத்து ஊர்ல நிக்குது. மூச்சை இழுத்தாத்தான் சேருது. மூச்சை விட்டா பாடம் நடத்த முடியாது. நான் எப்படி ஆறாம் வகுப்புக்குப் போறது?"

வாங்கிப் பார்த்தேன். மூன்று விரல் குறைந்தது. நான்கு வருஷத்தில் மனிதருக்கு வயிறு போடாதா? அதை நோட்டு எனக்குச் சொல்லுமா?

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார், டீச்சர் உட்கார்ந்த அதே ஸ்டூல். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மடித்து மடித்துக் கோடு விழுந்திருந்தது.

"உங்க வீட்டம்மா சாதாரண ஆள் இல்லை டெய்லரே. கேளுங்க." மூக்குக்கண்ணாடியைத் தேடினார், அது நெற்றியில் இருந்தது. இறக்கிப் படித்தார். "'தொடங்கும் முன் ஒரு நிமிடம் கண்மூடி நின்றார்.' அதைக்கூடப் பார்த்திருக்காங்க! பாடத்தை மனசுல ஓட்டிக்குவேன், அது எனக்கே தெரியாது. 'மூக்குக்கண்ணாடியை நான்கு முறை தேடினார். மூன்று முறை அது நெற்றியில் இருந்தது.' சிரிக்காதீங்க. 'வாசலில் வந்து நின்றவரோடு பதினோரு நிமிடம் பேசினார்.' அது நம்ம டிரில் மாஸ்டர். 'பழைய நோட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் செய்தார். யாருக்காகச் செய்கிறாரோ அவரை ஒரு முறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.'"

அங்கே நிறுத்தினார்.

"நன்றுன்னு எழுதியிருக்காங்க: 'சாக்பீஸ் பிடிக்கும் கையில் நல்ல நிதானம். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.' அப்புறம் கடைசியா ஒரு கேள்வி. 'அந்த நோட்டில் உள்ள அளவு இன்றைக்கும் சரியாக இருக்குமா?' நாலு நாளா இந்த ஒரு வரிதான் டெய்லரே. அந்த நோட்டு நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் எழுதினது. அட்டையை மட்டும் மாத்தியிருக்கேன். பிள்ளைங்க மாறிட்டாங்க, நான் அதே அளவுல வெட்டிக்கிட்டிருக்கேன். அளவுன்னு ஒரு வார்த்தை போட்டாங்க பாருங்க, டெய்லர் வீட்டம்மாவாச்சே!"

இப்போது வாயை மூடிக்கொண்டால் எல்லாம் மங்களம். என் டீச்சர் நாற்காலியில் இருப்பாள், ஒன்பது கதவும் திறக்கும். வாயைத் திறந்தால் நான் மட்டும் தனியாகக் கெடமாட்டேன், அவளும் கெடுவாள். ஆனால் அவர் மடியில் இருந்த சாம்பல் பேன்டைப் பார்த்தேன். அவர் அதைத் தடவிக்கொண்டே அந்தக் கேள்வியை மறுபடி படித்தார். பேன்டும் கேள்வியும் ஒரே மடியில். கடவுள் இதற்கு மேல் எப்படித்தான் எழுத்துக்கூட்டிச் சொல்வான்?

"சார்," என்றேன். "அது நீங்க இல்லை சார். நான்."

"என்ன நான்?"

"கண்மூடி நின்னது நான். கண்ணாடி தேடினது நான். முட்டிவலி பேசினது நான். அந்த நோட்டு இதுதான் சார்." அளவு நோட்டை எடுத்து அவர் பக்கத்தை விரித்துக் காட்டினேன். "இதைப் பார்த்துத்தான் இந்தப் பேன்டை வெட்டினேன். டீச்சர் எழுதிப் பழகுறதுக்காக என்னைப் பார்த்து எழுதின தாள் அது. ரெண்டுலயும் பேர் இல்லை. மாத்திக் குடுத்துட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது."

டிராயரின் அடியிலிருந்து நான்கு வரித் தாளை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். படிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சிரிப்பார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு தாளையும் இரண்டு முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்போ," என்றார் மெதுவாக, "என்னை யாரும் பார்க்கலை."

நான் அளவு நோட்டை மூடினேன்.

"இதுதான் தையல்காரருக்கு எழுதினதுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்," என்று நான்கு வரித் தாளை மேசையில் வைத்தார். "யாருக்கு வேணா குடுக்கலாம் இதை. கடைத்தெருவுல நின்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் குடுக்கலாம்." எழுந்தார். பேன்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். என்னைப் பற்றிய தாளை மட்டும் கையோடு கொண்டுபோனார். அதைக் கேட்கிற முகம் எனக்கு இல்லை.

வீட்டுக்குப் போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது முக்கியமாக, நேரில் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறேன் என்று வாங்கியது நான்தான் என்று மூன்று தடவை சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு வேளைச் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

"நீங்க தாளை மாத்திக் குடுத்தது தப்பு இல்லைங்க," என்றாள் கடைசியில். "ரெண்டு தாளையும் நான் மாத்தி எழுதியிருக்கேன். அவருக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதியிருக்கேன். உங்களுக்கு எழுத வேண்டியதை அவருக்கு."

"எனக்கு எழுத வேண்டியது 'எல்லாம் நன்று'தானா?"

"கேக்குற நேரமா இது?"

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிழித்ததை மறுபடி எழுதப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. கிழித்த துண்டுகளில் நான் ஏற்கெனவே இரண்டு காலர் அச்சு வெட்டியிருந்தேன். ஒட்டிக் கொடுக்கவும் வழியில்லை. 'பெறுநர்' என்று எழுதினாள். பேனா நின்றது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உதடு அசையாமல் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"உதடு அசையுது," என்றாள்.

தாளை மடித்து வைத்துவிட்டாள். "இதைக் குடுக்குறதா இருந்தாலும், போறதுக்கு முன்னாடி அந்த மனுஷனை ஒரு தடவை ஒழுங்கா பார்த்துட்டுப் போறேன். அவர் கேட்டது அது ஒண்ணுதான்."

திங்கட்கிழமை காலை அவள் காந்தம் சார் வகுப்பு வாசலில் போய் நின்றாள். இதை எனக்குச் சொன்னது அவள்தான். நான் அந்த நேரம் கடையில் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன், ஆறு தடவை. "சார், நான் போன தடவை உங்களைப் பார்க்கலை. பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்குப் பார்க்கலாமா?" என்றாளாம். பிள்ளைகள் முன்னாலேயே. ஒரு தலைமையாசிரியை இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வாய் வரும்? அவர் விலகி நின்று வழி விட்டாராம்.

நாற்பது நிமிஷமும் எழுதினாளாம். மணி அடித்துப் பிள்ளைகள் போனதும், அவளே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாளாம். இரண்டு பேரும் அடுத்த மணி வரை பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "அது எங்க ரெண்டு பேர் விஷயம்" என்றுவிட்டாள். அந்த மடித்த வெள்ளைத்தாள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். சாயங்காலம் அதில் வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமானை எழுதி என் கையில் கொடுத்தாள். மேலே 'பெறுநர்' என்று இருந்தது. கீழே பருப்பு, சோப்பு, விளக்குத்திரி.

புதன்கிழமை காந்தம் சார் கடைக்கு வந்தார். நான் பேன்டைப் பிரித்து, உள் மடிப்பில் மடங்கிக் கிடந்த துணியை இடுப்புக்காக வெளியே எடுத்து வைத்திருந்தேன். இந்த முறை நோட்டை மூடி அலமாரியில் போட்டுவிட்டு நாடாவை எடுத்தேன்.

"மூச்சை இழுத்து நிக்கவா, விட்டு நிக்கவா?" என்றார்.

"எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க சார்."

விட்டார். மூன்று விரல் என்று நினைத்தது நான்கு விரல்.

"உங்களைவிட எனக்கு அதிகமா எழுதியிருக்காங்க டெய்லரே," என்றார் மேலே பார்த்துக்கொண்டு. குரலில் ஒரு பெருமை. "உங்களுக்குக் கண்ணாடி நாலு தடவை. எனக்கு ஏழு."

"நெற்றியில எத்தனை தடவை சார்?"

"ஏழும்."

நாடாவைப் பிடித்துக்கொண்டே சிரித்ததில் அளவு தவறிவிட்டது. மறுபடி எடுத்தேன். அவர் போகும்போது, என்னைப் பற்றிய தாளை மேசையில் வைத்தார். "இதையும் உக்காந்து பேசிடுங்க. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லியாச்சு. நீங்க பாக்கி."

இன்னும் பேசவில்லை. டீச்சருக்கு நேரம் கிடைப்பதில்லை. ஒன்பது வகுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். தாள் ஊசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. பழைய நோட்டை நான் தூக்கிப் போடவில்லை, அதில் பாதி ஊர் இருக்கிறது. ஆனால் யாராவது துணியோடு வந்தால், "உங்க அளவு என்கிட்ட இருக்கு" என்று வாய் வரை வருவதை விழுங்கிவிட்டு, "இப்படி நில்லுங்க" என்கிறேன். முதல் வேலையாக நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.